பாதியில் நின்ற கை

எங்கள் ஊருக்கு ஃபைபர் கேபிள் வந்தது பங்குனியில், உத்திரத்துக்கு முந்திய வாரம். சாஸ்தா கோயிலுக்கென்று வெளியூர்களிலிருந்து வந்து இறங்கிய உறவினர்கள், மின்கம்பங்களில் புதிதாகத் தொங்கிய கறுப்பு வடத்தை அண்ணாந்து பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதனால் அந்த வாரம் எனக்கு மறக்கவில்லை. இதில் கரண்டு உண்டா என்பதுதான் கேள்வி. இல்லை, உள்ளே ஓடுவது வெளிச்சம் மட்டும்தான் என்று கேபிள் இழுத்த ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அதையே நாங்களும் சொன்னோம். கரண்டு இல்லாத கம்பி என்றால் பயப்பட வேண்டாத கம்பி என்று ஊர் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டது.

பனவடலிசத்திரத்திலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப்புற நூலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நூலகத்துக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் வரி கட்ட வருகிறவர்கள் வரிசை நீண்டால் இந்தப் பக்கம் வந்து செய்தித்தாள் படிப்பார்கள். எது எப்போது நடந்தது என்று நினைவில் வைத்துக்கொள்வது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். எந்த வருஷம் யார் வீட்டில் கல்யாணம், எந்த ஐப்பசியில் கண்மாய் உடைந்தது என்று ஊரில் வழக்கு வந்தால் ஆள் அனுப்பி என்னைக் கேட்பார்கள். எப்போது என்று தெரியாத சங்கதி எனக்குப் பாதிச் சங்கதிதான்.

இங்கே நான் எழுதுவது என் தம்பி மனைவியின் வேலையைப் பற்றி.

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு வளர்ந்ததால் எனக்கும் கைப்பேச்சு பழகிவிட்டது. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தான். அதே பள்ளியில் சில வகுப்பு கீழே படித்தவளைத்தான் கட்டிக்கொண்டான். இப்போது சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறான். அந்தக் கூடத்தின் இரைச்சலில் மற்றவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருப்பார்கள். இவன் தறிக்கு இந்தப் பக்கம் நின்றே அந்தப் பக்கத்து ஆளிடம் நூல் அறுந்ததைச் சொல்லிவிடுவான். நாளடைவில் கூடமே இவனிடம் கையால் பேசக் கற்றுக்கொண்டது.

அவன் மனைவி அவனைவிடப் படித்தவள். சைகை மொழி கற்றுக்கொடுப்பதற்கென்றே சென்னையில் பயிற்சி முடித்தவள். வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஊரில் முக்கியமான ஆட்களுக்கெல்லாம் கையால் பெயர் வைத்துவிட்டாள். நான் என்றால் இரண்டு உள்ளங்கைகளையும் புத்தகம்போல் விரிப்பது. பஞ்சாயத்துத் தலைவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. அம்மன் கோயில் தர்மகர்த்தா இடுப்பில் சாவிக்கொத்து தொங்கவிட்டிருப்பவர், ஆகவே அவர் காற்றில் சாவியைத் திருகுவது. அவள் கைகளால் சொல்வது எனக்கு எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் காதில் விழும். அதனால் இதில் அப்படியே எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம். காது கேளாத குழந்தைகளைப் பெற்ற, காது கேட்கிற அம்மா அப்பாக்களுக்கு வீடியோ வழியாகச் சைகை மொழி கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள். பிள்ளையோடு பேசத் தெரியாமல் தவிக்கிறவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இவளைப் பேட்டி கண்டு, பிடித்துப்போய், வேலை உனக்குத்தான், ஆனால் உங்கள் ஊர் இணைப்பு தாங்குமா என்று கேட்டார்கள். அதுவரை ஊரில் இருந்தது செல்போன் டவரின் சிக்னல்தான். அதுவும் பள்ளிக்கூட மொட்டை மாடியில் மேற்கு மூலையில்.

மற்றவர்களுக்கு அந்த சிக்னல் போதும். போனில் பாதி வார்த்தை விழுங்கப்பட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். குரல் எப்படியாவது தட்டுத்தடுமாறி வந்துவிடும். கை வராது. படம் நடுவில் நின்றால் கை காற்றில் நிற்கும். பாதியில் நின்ற கைக்கு ஒன்று அர்த்தமே இருக்காது, இல்லையென்றால் வேறு அர்த்தம் வந்துவிடும். ஒருமுறை 'சாப்பிட்டாயா' என்று கேட்ட தம்பியின் கை வாயருகே நின்றுபோக, அவன் கன்னத்தில் அறை வாங்கியதுபோல அவளுக்குத் தெரிந்து, பதறிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறப் போனாள்.

ஆகவே கேபிள் வந்தபோது எங்கள் வீட்டில் மற்ற வீடுகளைவிட அதிகம் சந்தோஷப்பட்டோம். பஞ்சாயத்து அலுவலகத்தில் பீரோ பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டியைச் சுவரில் பொருத்தினார்கள். பச்சை விளக்குகள் எரிந்தன. படம் எடுத்துக்கொண்டார்கள். சித்திரைக் கடைசியில் உள்ளூர் டிவி கேபிள்காரர் அந்தப் பெட்டியிலிருந்து வீடுகளுக்கு லைன் கொடுக்க ஆரம்பித்தார். முதல் லைன் எங்களுக்கு. வைகாசியில் சென்னைக்காரர்கள் சோதனை வகுப்புகள் வைத்தார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் ஒரு அம்மா 'தண்ணீர்' என்று விரலை வைக்கும்போது அந்த விரலின் நடுக்கம்கூடத் தெரிந்தது. ஆவணிக் கடைசியில் வகுப்பு ஆரம்பம், நீதான் ஆசிரியை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வைகாசியின் கடைசிச் செவ்வாயில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மறுநாள் புதன்கிழமை காலை அவளுக்கு இன்னொரு சோதனை வகுப்பு இருந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது, படம் வரவில்லை. நான் நூலகம் திறக்கப் போகும்போது எட்டிப் பார்த்தேன். பஞ்சாயத்துப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு போய் அந்த இடத்தில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

புகார் கொடுத்தோம். கட்டணமில்லா எண்ணில் பேசிய பெண் மரியாதையாகக் குறித்துக்கொண்டாள். புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் சிவப்பு. மறுபடி புகார், மறுபடி தீர்க்கப்பட்டது, மறுபடி சிவப்பு. டிவி கேபிள்காரர் தன் பக்கத்து லைன்கள் எல்லாம் சரி, மேலேயிருந்து வெளிச்சம் வரவில்லை என்றார். மேலநீலிதநல்லூர் ஒன்றிய அலுவலகத்துக்கு நானும் அவளும் போனோம். அங்கே இருந்தவர் கணினியைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். எங்கள் ஊருக்கு நேராக 'இணைக்கப்பட்டது' என்று இருந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது, நான் எழுதிப் போடுகிறேன் என்றார். எழுதியும் போட்டார்.

நாடு முழுக்க ஊராட்சிகளுக்கு வடம் இழுப்பது எவ்வளவு பெரிய திட்டம் என்றெல்லாம் நான் நிறையப் படித்திருக்கிறேன். தந்திக் கம்பி போட்ட காலத்திலிருந்து மின்சாரம் வந்த காலம்வரை படித்ததில் எனக்கு ஒன்று விளங்கியிருந்தது. வடம் ஒரு ஊரைத் தொட்ட நாளை எல்லாரும் குறித்து வைக்கிறார்கள். அது நின்றுபோன நாளை யாரும் குறிப்பதில்லை. எங்கள் பெட்டியில் சிவப்பு எரிந்த அத்தனை நாளும் நாட்டின் கணக்கில் நாங்கள் இணைக்கப்பட்ட ஊராகத்தான் இருந்தோம்.

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போய்விட்டு வந்த மறுநாள் சென்னையிலிருந்து தகவல் வந்தது. ஆவணிக் கடைசிவரை பொறுக்கிறோம். அதற்குள் லைன் வராவிட்டால் சென்னைக்கே வந்துவிடு, விடுதியில் இடம் தருகிறோம். வர முடியாதென்றால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும்.

தம்பி போ என்றான். அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"நான் அஞ்சு வயசுல ஹாஸ்டலுக்குப் போனவ மதினி. படிப்பு ஹாஸ்டல்ல, பயிற்சி ஹாஸ்டல்ல. எனக்குன்னு ஒரு அடுப்பு இப்பத்தான் இருக்கு. இதை விட்டுட்டுப் போக மாட்டேன். வேலையையும் விட மாட்டேன். லைன இங்கன வர வைப்போம்."

அடுத்தது சுதந்திர தின கிராம சபை. சமுதாயக் கூடத்தில் வழக்கமான கூட்டம்தான். வருகைக்குக் கையெழுத்து போட்டுவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு பாதிப் பேர் கிளம்புகிற நேரம். தலைவர் அம்மாள் குடிநீர், தெருவிளக்கு என்று வாசித்து முடித்ததும் நான் எழுந்து, தம்பி மனைவி பேச வேண்டும் என்றேன். பின்வரிசையில் பலசரக்குக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எதையும் கேலியாகச் சொல்லாமல் விடமாட்டார், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவும் மாட்டார்.

"பேசாத பிள்ளைக்கு நெட்டு எதுக்கு தாயி? பேசுத நாங்களே அதுல ரீல்ஸ்தான் பாக்கோம்" என்றார். கூடம் சிரித்தது. அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். நான் மாற்றாமல் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினாள். நான் மைக்கில் குரல் கொடுத்தேன்.

"எனக்கு ஒரு வேலை கெடச்சிருக்கு. நம்ம ஊர்ல இருந்தே பாக்கலாம். ஆனா அதுக்கு ஆவணி முடியுததுக்குள்ள..."

அவள் கை நெஞ்சுக்கு நேராக எழும்பி அப்படியே நின்றது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. முகமும் பாதிச் சொல்லில் நின்றது. எனக்கும் குரல் நின்றது. அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. இப்படிச் செய்யப்போகிறாள் என்று என்னிடம் அவள் சொல்லவும் இல்லை. மைக் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கிளம்ப எழுந்தவர்கள் என்ன ஆச்சு என்று திரும்பி நின்றார்கள்.

"பொறவு என்ன தாயி?" என்றார் பலசரக்குக் கடைக்காரர்.

"தெரியலியே அண்ணாச்சி. கை நின்னுட்டு."

"ஏன் நின்னுட்டு? மேல சொல்லச் சொல்லு."

அவள் இமைகூட அசைக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி, கை கடுக்கப் போவுது, கீழே எறக்கச் சொல்லுங்க என்று பதறினாள். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கூடம் முழுக்க ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கையைத் தொங்கவிட்டு, உதறிக்கொண்டு, மறுபடி பேசினாள்.

"வைகாசிலேருந்து எனக்கு இப்படித்தான் இருக்கு. எதிர்ல இருக்கவங்களும் இதத்தான் பாத்தாங்க. லைன் வரலன்னா நான் ஊர விட்டுப் போணும், இல்ல வேலைய விடணும். ரெண்டும் எனக்குச் சம்மதமில்ல."

பலசரக்குக் கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "சரி, தீர்மானத்த எழுதுங்க. நம்ம கடையில கியூஆர் கோடும் அன்னையிலேருந்து செத்துத்தான் கெடக்கு."

தலைவர் அம்மாள் என்றைக்கிலிருந்து லைன் இல்லை என்று கேட்டார். ஆனி மழையில் போயிருக்கும் என்று ஒருவர், காற்றில் என்று ஒருவர். மழை வந்தது ஆனி பிறந்த பிறகு, லைன் போனது வைகாசியிலேயே, கொடை முடிந்த மறுநாள் புதன்கிழமை என்று நான் சொன்னேன். மேடைக்குப் பக்கத்தில் இருந்த தர்மகர்த்தா நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அம்மன்தான் வந்து அறுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லுதியா?"

"நான் கிழமையச் சொல்லுதேன் அண்ணாச்சி. வேற ஒண்ணும் சொல்லல."

"நீ கிழமையச் சொல்லுத. பழி எம்மேல விழுது. சப்பரம் போவும்போது நான் நிக்கேன் முன்னால. ஒரு வயர அறுத்திருப்பமா? கேட்டுப் பாரு."

அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. எங்கள் ஊரில் சப்பரம் வரும்போது கரண்டை நிறுத்திவிட்டு, கவைக்கம்பு பிடிக்கிற ஆட்கள் தெருவின் குறுக்கே போகிற வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுப்பார்கள். மேலே குடை தட்டாமல் சப்பரம் அடியில் நுழைந்து வரும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். ஒரு கம்பியும் அறுந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் புதன்கிழமை புதன்கிழமைதான். நான் உட்கார்ந்துவிட்டேன். ஒப்பந்தக்காரர் தம் ஆளை மீட்டரோடு நேரில் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. அதன் நகலோடு தலைவர் அம்மாளே ஒன்றியத்துக்குப் போனார்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் அந்த ஆள் வந்தார். ஒப்பந்தக்காரரின் லைன் பொறியாளர், கழுத்தில் துண்டு, பைக்கில் ஏணி. எத்தனையோ ஊர்களுக்கு அவர் ஒருவர்தான் என்று வந்ததுமே சலித்துக்கொண்டார். அணில் கடித்திருக்கும் என்றார் முதலில். பெட்டியைத் திறந்து மீட்டரைப் பொருத்திப் பார்த்தார். உள்ளே அனுப்புகிற வெளிச்சம் எங்கே போய் முட்டித் திரும்புகிறதோ அந்தத் தூரத்தை அது காட்டுமாம். தூரத்தைப் பார்த்துக்கொண்டே கம்பங்களின் அடியில் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். அம்மன் கோயில் முக்கில் நின்றார்.

ஏணியைச் சாத்தி ஏறினார். கம்பத்தோடு சேர்த்து ஏதோ ஒரு சுருணை நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. கோயிலிலிருந்து தர்மகர்த்தாவும் வந்துவிட்டார்.

"அது நாந்தான் வே கட்டச் சொன்னேன்" என்றார் மேலே பார்த்து. "மத்த வயரெல்லாம் கவைக்கம்புல தூக்கிட்டோம். இது ரொம்பத் தாழத் தொங்குச்சு. வெட்டி விட்டுருவோம், அப்பறம் முறுக்கிக்கிடலாம்னு ஒருத்தன் சொன்னான். கூடவே கூடாது, கவர்மெண்டு சொத்து, பத்திரமா மடக்கி இறுக்கிக் கட்டுலேன்னு நான் பக்கத்துலயே நின்னு கட்ட வச்சேன். கரண்டு இல்லாத வயர்தானே. சப்பரம் போன பொறவு தெருவுக்குக் குறுக்க மறுபடி இழுத்து விட்டாச்சு, மிச்சத்தச் சுருட்டி அங்கனயே கட்டியாச்சு."

பொறியாளர் மேலே நின்றபடியே நெற்றியில் கைவைத்துக்கொண்டார். இறங்கி வந்து பையிலிருந்து ஒரு துண்டு கேபிளை எடுத்து உரித்தார். உள்ளே தலைமுடி போல ஒரு இழை.

"அண்ணாச்சி, இது கம்பி இல்ல, கண்ணாடி. செம்புக் கம்பின்னா மடக்கலாம், கட்டலாம், தோரணமே கட்டலாம். இத இப்படி மடக்குனா வெளிச்சம் வளைவுலயே வெளிய போயிரும். நீங்க பத்திரமா, நல்லா இறுக்கியே கட்டிட்டீங்க."

தர்மகர்த்தா அந்த இழையை இரண்டு விரலால் வாங்கிப் பார்த்தார். அவரை நான் அப்போதும் குறைசொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. வெட்டுகிற ஊர்களில் வெட்டியிருப்பார்கள். எங்கள் ஊர் காப்பாற்ற நினைத்து மடக்கியது. பழகிய கம்பிக்குச் செய்கிற மரியாதையைப் பழகாத கம்பிக்கும் செய்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் நசுங்கிய துண்டை எடுத்துவிட்டு இழைகளை ஒட்டி முடித்தார். பெட்டியில் பச்சை. வகுப்புகள் ஆவணிக் கடைசியில் சொன்னபடி ஆரம்பித்தன. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

பொறியாளர் போகும்போது சொல்லிவிட்டுப் போனது அப்படி முடியவிடவில்லை. கேபிள் தெருவுக்குக் குறுக்கே இருக்கிறவரை அடுத்த சப்பரத்துக்கும் இதே கதைதான், கவைக்கம்பால் தூக்கினாலே உள்ளே விரிசல் விடலாம், அடுத்த தடவை நான் எப்போது வர முடியும் என்று எனக்கே தெரியாது என்றார். அடுத்த சப்பரம் அடுத்த வருஷக் கொடைக்கு அல்ல. விஜயதசமிக்கு அம்மன் பரிவேட்டைக்குப் புறப்படும். அதற்கு அதிக நாள் இல்லை. ஒரு மாதம் லைன் நின்றால் சென்னைக்காரர்கள் இன்னொரு முறை பொறுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தெருவுக்கு அடியில் குழாய் போட்டுக் கேபிளை அதற்குள் கொண்டுபோவதுதான் வழி. அதற்கு யார் பணம் தருவது என்று கேட்கப் போனால் எல்லாருமே நியாயமாகத்தான் பேசினார்கள். திட்டத்தின் மதிப்பீட்டில் எங்கள் ஊருக்கு மேல்வழியாகக் கேபிள் என்றுதான் இருக்கிறது. அடிவழி என்றால் புது மதிப்பீடு, புது ஒப்புதல். தலைவர் அம்மாள் ஊராட்சி நிதியில் எழுதத் தயார்தான், ஆனால் அனுமதி வர வருஷம் திரும்பிவிடும் என்றார். கோடிக்கணக்கில் செலவழித்து எங்கெங்கிருந்தோ வந்த வெளிச்சம், எங்கள் ஊர்த் தெரு ஒன்றைத் தாண்டுவதற்குப் பணத்துக்கு வழியில்லாமல் நின்றது.

அவள்தான் தர்மகர்த்தாவின் பெயரைக் கையால் திருகிக் காட்டினாள். கொடைக்கு ஊரில் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்குவார்கள். மிச்சப்பட்டது கமிட்டியிடம் இருக்கும். சப்பரத்துக்காகத்தானே இந்தச் செலவு, சப்பரக் கணக்கில் கேட்டால் என்ன என்றாள்.

கமிட்டி வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் உட்காரும். பெண்கள் உட்காருகிற வழக்கம் இல்லை. தம்பிதான் வரிதாரர் என்பதால் அவன் உள்ளே போனான். அவன் பேச அவள் வேண்டும், அவள் பேச நான் வேண்டும் என்று சொல்லி நாங்களும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். உண்மையில் தம்பிக்கு அவள் தேவையில்லை, நான் போதும். அதைக் கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

குழாய் பற்றிச் சொன்னதும் கமிட்டியில் ஒருவர் தலையை ஆட்டினார். அம்மன் நடந்துபோகிற பாதைக்குக் கீழே வயர் போடுவதா என்றார். நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் சொன்ன பதிலைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். என்ன, என்ன என்றார்கள்.

"குடிதண்ணிக் குழாய் அம்மன் பாதைக்குக் கீழதான் போவுது. அதுல வார தண்ணியிலதான் அம்மனுக்கு அபிஷேகம் நடக்கு. தண்ணி போலாம், வெளிச்சம் போவக் கூடாதான்னு கேக்கா."

தர்மகர்த்தா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிச்சப் பணத்தை அடுத்த கொடைக்கு அலங்கார வளைவு லைட்டு போட ஒதுக்கியிருப்பதாக ஒருவர் நினைவுபடுத்தினார்.

"ஒரு வளைவு கொறஞ்சா அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா" என்றார் தர்மகர்த்தா. "மடக்கிக் கட்டச் சொன்னது நான். நான் கட்டுனத நான்தான் அவுக்கணும். ஆனா பைப்பு பெருசா வாங்குங்க. நாளைக்கு இன்னொரு வயரு வந்தா மறுபடி தெருவத் தோண்டக் கூடாது."

பொறியாளரிடம் போனில் பேசினோம். குழியும் குழாயும் உங்கள் பாடு, கூடுதல் கேபிள் ஒப்பந்தக்காரரின் சரக்குக் கிட்டங்கியில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள், நான் வந்து இழுத்து ஒட்டித் தருகிறேன் என்றார். குழியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஊரே தோண்டியது. தெருவில் பதித்திருந்த பேவர் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, இருந்த இடத்திலேயே திரும்ப உட்கார வேண்டும் என்று சாக்பீஸால் குறிபோட்டு அடுக்கினோம். கோயில் வாசலில் வைத்தே பலசரக்குக் கடைக்காரர் எல்லாருக்கும் சர்பத் கலக்கிக் கொடுத்தார்.

கேபிள்தான் வரவில்லை. கிட்டங்கி சங்கரன்கோவிலில் பஸ் நிலையம் தாண்டி இருந்தது. கேபிள் வாங்க நாங்கள் போனோம். கிட்டங்கிக்காரர் மேலிடத்து உத்தரவு வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்குப் போனோம், அடுத்த நாள் என்றார். நவராத்திரி ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் முறை போனபோது அவர் பேச ஆரம்பித்ததும் அவள் அங்கே கிடந்த ஒரு கேபிள் உருளையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவரைப் பார்க்கவே இல்லை. எதிரே தெருவைப் பார்த்தாள். அவர் விளக்கினார், கெஞ்சினார், சத்தம் போட்டார். லாரியில் சரக்கு ஏற்ற வந்தவன் அந்த உருளைதான் வேண்டும் என்றான்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்றார் என்னிடம். "யார் வந்தாலும் பேசியே அனுப்பிருவேன். இந்தம்மாவ எப்படி அனுப்ப?"

அவள் திரும்பி உட்கார்ந்திருக்கிறாளே, நான் சொன்னால் எப்படித் தெரியும் என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது உத்தரவும் வந்திருந்தது. தறி முடிந்து வந்த தம்பி கேபிளைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான். மடங்காமல், பெரிய வளையமாக, பஸ்ஸில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு அது ஊர் வந்து சேர்ந்தது. நடத்துநர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் பொறியாளர் வந்து குழாய்க்குள் இழுத்து ஒட்டினார். கற்களை அடையாளம் பார்த்துப் பதித்தோம். ஒன்றிரண்டு இடம் மாறித்தான் உட்கார்ந்தன. இப்போதும் மழை பெய்தால் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது.

விஜயதசமி அன்று சாயங்காலம் அவளுக்கு வகுப்பு. அன்றைக்கு வேண்டாம் என்று விடுமுறை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டேன் என்றாள். அந்த நேரம்தான் லைனைப் பார்க்க வேண்டிய நேரம் என்றாள். சப்பரம் வரும்போது கரண்டை நிறுத்துவார்கள் என்பதால் தம்பி ஒரு பழைய இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருந்தான். பஞ்சாயத்துப் பெட்டிக்குச் சொந்தமாகவே பேட்டரி உண்டு.

கோயில் முக்கில் மேளம் கேட்டது. கரண்டு போயிற்று. தெரு முழுக்க இருட்டு. தீவட்டியும் டார்ச்சுமாகச் சப்பரம் மெல்ல வந்தது. கவைக்கம்பு பிடித்த ஆட்கள் மின்கம்பிகளை மட்டும் தூக்கிக் கொடுத்தார்கள். குறுக்கே கறுப்பு வடம் எதுவும் இல்லை. பழக்கத்தில் ஒருவன் அது இருந்த உயரத்தில் கம்பை நீட்டிவிட்டு, இல்லை என்று பார்த்து இறக்கிக்கொண்டான். சப்பரத்தின் சக்கரம் புதிதாகப் பதித்த கற்களின் மேல் ஏறி இறங்கியது.

எங்கள் வீட்டு முன்னறையில் அவள் முகத்தில் மட்டும் திரை வெளிச்சம். செண்டை அடி சுவரில் அதிர்ந்தபோது அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பெற்றோர்களுக்கு அது என்ன என்று சொன்னாள். பிறகு சப்பரத்துக்கு ஒரு சைகை செய்து காட்டினாள். அவர்கள் திரும்பச் செய்தார்கள். அத்தனை கைகளும் தொடங்கின இடத்திலிருந்து முடிகிற இடம்வரை போய்ச் சேர்ந்தன.

ஜன்னலில் நிழல் தெரிந்தது. சப்பரம் தெருமுனை தாண்டியதும் தர்மகர்த்தா திரும்பி வந்து நின்றிருந்தார். சட்டையில்லாமல், நெற்றி வேர்த்து.

"என்ன, லைனு நிக்குதா ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி."

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். கேமராவை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பி, காற்றில் ஒரு சாவியைத் திருகினாள். திரையில் எங்கெங்கோ உட்கார்ந்திருந்த அம்மாக்களும் அப்பாக்களும் கையை உயர்த்தி அதே மாதிரி சாவியைத் திருகினார்கள்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"என்ன சொல்லுதாங்க எல்லாரும்?"

"உங்க பேரத்தான்" என்றேன்.